ஒலிபெருக்கியில் கேட்ட கேரட்

பேருந்து நிலையத்தில் ஒரு பேச்சு உலாவுகிறது. அறிவிப்பு அறையில் இருக்கும் மைக் அக்கா மூன்று மாதம் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லையாம். பச்சைக் கேரட்டும் வெள்ளரிக்காயுமாகக் கடித்துத் தள்ளினாராம். அதனால் ஒரு தும்மல்கூட வராமல், குரல் கணீரென்று ஆகி, போக இருந்த வேலை தப்பியதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேரட் விற்பவருக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் நடந்த கதையே வேறு. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், முழுதாகக் கேட்கலாம்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எட்டு நடைமேடை, நான்கு ஒலிபெருக்கி, ஒரே குரல். மழைக்காலம் வந்தால் மட்டும் சளி தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். போன மழைக்குப் பத்தொன்பது நாள் விடுப்பு. அந்தப் பத்தொன்பது நாளும் நடத்துனர்களே கத்தி ஆள் ஏற்றியதில் பாதிப் பேர் வேறு வேறு ஊரில் போய் இறங்கினார்கள்.

இந்த வருடம் முதல் தூறல் விழுந்த அன்றே மேலாளர் அக்காவின் அறைக்கு வந்துவிட்டார்.

"மூணு நாளுக்கு மேல லீவு போட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. பதிவு செஞ்ச குரல் வந்திருக்கு. மெஷின். அதுக்குச் சளி பிடிக்காது."

"அதுகிட்ட வழி கேட்டா பதில் சொல்லுமா சார்?"

"லீவு கேக்காதுல்ல."

அக்கா நேரே மருத்துவமனைக்குப் போனார். நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்: "நல்லா தூங்குங்க. கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. தினமும் கொஞ்சம் பழம், பச்சைக் காய்கறி சேத்துக்கோங்க. உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கணும்ல." சொன்னது மூன்று. அக்கா பிடித்துக்கொண்டது கடைசி ஒன்றை. அதிலும் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் படியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து டப்பாவில் கேரட், வெள்ளரி, குடைமிளகாய், கொய்யா. தையற்காரரான அவர் கணவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க வாய வைக்கிறது? எனக்கு மாட்டுப் பல்லா இருக்கு?" என்றார்.

"உங்களுக்குத் தனியா சமைச்சு வெச்சிருக்கேன். பேசாம சாப்பிடுங்க."

இங்கேதான் அக்காவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த மைக்கின் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் 'டொம்' என்று ஒரு வெடி வெடிக்கும். கீழே தூங்கும் குழந்தைகள் எல்லாம் எழுந்து அழும். அதனால் அக்கா காலையில் போட்ட சுவிட்சை மாலையில்தான் அணைப்பார். நடுவில் பேசாத நேரத்தில் மைக்கின் தலையில் மடித்த துண்டு ஒன்றைப் போர்த்தி வைப்பார். இருமல், பெருமூச்சு, மேலாளரைப் பற்றிய முணுமுணுப்பு எல்லாவற்றையும் இத்தனை வருடம் அந்தத் துண்டு கமுக்கமாக விழுங்கியது.

கேரட்டை மட்டும் அந்தத் துண்டால் விழுங்க முடியவில்லை.

'கறுக், முறுக்' என்று எட்டு நடைமேடையிலும் கேட்டது. பயணிகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நடத்துனர், "பெரிய எலிப்பா. ஒயர கடிக்குது," என்று தீர்ப்பே எழுதிவிட்டார். எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து ஒலிபெருக்கி ஒன்றின் மூடியைக் கழற்றி, அதற்குள் தலையை விட்டுப் பார்த்தார். அறையின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த அக்காவுக்கு ஒரே படபடப்பு. படபடப்பில் ஒரு குடைமிளகாயை எடுத்து நறுக்கென்று கடித்தார். ஏணி ஆடிய ஆட்டத்தில் கீழே நின்ற நான்கு பேர் பாய்ந்து அதைப் பிடித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் இறங்கி நேராக அறைக்கு வந்தார்.

"அக்கா, எலிய கண்டுபிடிச்சுட்டேன்."

"எங்கப்பா இருக்கு?"

"கண்ணாடி போட்டுக்கிட்டு என் முன்னாடி உக்காந்திருக்கு."

விஷயம் மேலாளர் காதுக்குப் போனது. மெஷினை மறுநாளே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். விதி பாருங்கள், அன்று இரவே அக்காவுக்கு மூக்கு அடைத்தது. விடியும்போது குரல் துருப்பிடித்த கதவு போல இருந்தது. படுத்திருக்கலாம். ஆனால் தன் நாற்காலியில் ஒரு பெட்டி உட்காருவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காலை முழுதும் மெஷின் தேனாகப் பேசியது. மேலாளர் ரசித்து ரசித்துத் தலையாட்டினார். அக்கா மூலையில் உட்கார்ந்து, 'இருபத்திரண்டு வருஷம் அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் அடித்தது மழை. ஐந்தாம் நடைமேடையில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் முட்டியைத் தொட்டது. ஓட்டுநர்கள் தாங்களாகவே பேருந்துகளை இரண்டாம் நடைமேடைக்குத் திருப்பிவிட்டார்கள். மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? 'ஐந்தாம் நடைமேடை' என்று இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றது. இரண்டிலிருந்து காலிப் பேருந்துகள் கிளம்பிப் போயின. மேலாளர் இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்தினார். மெஷின் 'பயணம் இனிதாகட்டும்' என்றது.

அக்கா மெஷினின் ஒயரைப் பிடுங்கினார். துண்டை எடுத்து எறிந்தார்.

"அஞ்சாம் நடைமேடைல நிக்கிறவங்க எல்லாம் ரெண்டுக்கு வாங்க. மெதுவா வாங்க, வழுக்கும். சிவப்புக் குடை வெச்சிருக்கிற அம்மா, குழந்தையோட ஒரு செருப்பு பின்னாடி மிதக்குது, எடுத்துக்கோங்க."

கரகரத்த அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டம் ஒரே ஆளாகத் திரும்பியது. "நம்ம அக்காடா," என்று யாரோ சொன்னார்கள். பத்தே நிமிடத்தில் ஐந்தாம் நடைமேடையில் தண்ணீர் மட்டும்தான் நின்றது. மேலாளர் மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, தானே தூக்கிக்கொண்டு போனார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் வாசலில் இருக்கும் பழக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? 'மைக் அக்காவின் வேலையைக் காப்பாற்றிய கேரட்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கதையும் சொன்னார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா, எட்டாவது நாள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு. பழக்கடைக்காரர் சொல்றத நம்பாதீங்க. எங்க வீட்டு அடுப்பு தினமும் எரியுது. எனக்கு இந்த மழைக்கே ரெண்டு தடவ சளி பிடிச்சிருச்சு. பழமும் பச்சைக் காயும் உடம்புக்கு நல்லதுதான், வாங்கி, கழுவிட்டுச் சாப்பிடுங்க. ஆனா என் வேலைய காப்பாத்தினது கேரட் இல்ல. சாக்கடை அடைச்சதுதான்."