ஹெர்னியாவுக்கு எதுக்கு ரோபோ?

“…எனக்கும்தானே ஹெர்னியா ஆச்சு மாமா? ஒரு டாக்டர், ஒரு கத்தி, முடிஞ்சுது. உனக்கு மட்டும் எதுக்கு ரோபோ? எங்க பீன்யா ஃபேக்டரில வெல்டிங் வைக்குதே, அது மாதிரிதானே? சும்னே ஏமாத்தறாங்க. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்.”

போன வாரம் ஆஸ்பத்திரி வார்டில் இப்படிக் கன்னடம் கலந்து நியாயம் பேசியவர் கோவிந்தன். கட்டிலில் இருந்தவர் அவருடைய அக்கா கணவர், என் ஸ்ரீராம்புரத்து நண்பர் முனிரத்தினம். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன்.

உண்மையில் அவருக்கு ஹெர்னியாவே இல்லை. புராஸ்டேட் கேன்சர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் எடுத்துவிட்டால் நன்றாக இருப்பார் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருந்தார். இது அவர் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏன் இந்தப் பொய்? கேன்சர் என்றால் கூடிவந்து அழுவார்கள். புராஸ்டேட் என்றால், அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இரண்டையும் தாங்க அவரால் முடியவில்லை.

ஆனால் பாருங்கள்… இல்லாத நோய்க்கும் வைத்தியம் சொல்ல ஓர் ஆள் வந்துவிடுகிறார்!

கோவிந்தன், தன் மாமாவின் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பயந்துபோயிருந்த முனிரத்தினம், இதுதான் சாக்கென்று காலைத் தொங்கப்போட்டுச் செருப்பைத் தேடினார். நிஜமாகவே கிளம்பிவிடுவார் போலிருந்தது.

அவர் மனைவி அந்தச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

“மச்சான்… ஹெர்னியா இல்லடா. புராஸ்டேட்ல கேன்சர்.”

பையின் ஜிப் பாதியில் நின்றது.

அப்புறம் முனிரத்தினம் மடை திறந்த மாதிரி பேசினார். ராத்திரியில் அடிக்கடி எழுந்தது, டாக்டரிடம் போனது, ரத்த டெஸ்ட்டில் சந்தேகம் வந்தது — எல்லாம். “ரோபோ தானா எதுவும் பண்ணாதுடா. டாக்டர் அதே ரூம்ல உக்காந்து கையை அசைச்சா, அதுவும் அசையும். வயித்துல சின்னச் சின்ன ஓட்டைதான். சீக்கிரம் எழுந்து நடக்கலாமாம்.”

அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நம் பயமே குறைகிறது, இல்லையா? நண்பர் கால்களை மடக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வராந்தாவில் மெல்ல நடக்கிறார். “எழுதுப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோவிந்தன்? துணிகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். அவருக்கும் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பிறகு வெளியே போய், சட்டைக் கையை மடித்துவிட்டபடியே நர்ஸிடம் கேட்டார்: “அந்த ரத்த டெஸ்ட் எங்கம்மா எடுக்கறாங்க?”