பூலாய் ஏரிக்கரையில் சம்பந்தியம்மா

எழுத்துக் கூட்டித்தான் எழுதுறேன். பிழை இருந்தா பத்திரிகைக்காரங்க திருத்திக்குங்க.

போன வருஷம் நானும் என் மருமகளைப் பெத்த சம்பந்தியம்மாவும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். எங்க ஊர் மூவாரிலிருந்து மோட்டார் பஸ்ஸில் தங்காக் ஊருக்குப் போய், லேடாங் மலையடிவாரத்தில் அருவி பார்த்தோம். அங்கேயே என் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் பொண்ணு வீட்டுக்காரிக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பெத்தவ தளர்ந்து உட்காருவதா என்று நடந்தேன்.

"களைப்பா இருக்கா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இல்லாத களைப்பு எனக்கு எங்கேருந்து வரும்?" என்றாங்க.

மறுநாள் பூலாய் மலை ஏரிக்குப் போனோம். ஏற்றம் ஏறிக் கரைக்கு வந்ததும் அந்தம்மா முகம் வெளுத்து, தண்ணீர்ப் பக்கமாகவே சாய்ந்தாங்க. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். மருமக அப்போ முழுகாம இருந்தா. உங்கம்மா ஏரியோடு போயிட்டாங்கன்னு அவகிட்ட எந்த வாயால் சொல்லியிருப்பேன்?

அவங்க கண் திறந்ததும், "முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அதட்டினேன்.

"நீங்க எப்போ உட்காருவீங்கன்னு தங்காக்கிலிருந்து பார்த்துக்கிட்டே வரேன். பொண்ணைக் கொடுத்தவ முந்தி உட்காரலாமா?"

ஏரியையும் மலையையும் அப்புறம் சேற்றில் உட்கார்ந்தபடியேதான் பார்த்தோம். இப்போ அந்தம்மாவோடு எங்கே போனாலும், கால் வலிச்சாலும் வலிக்காட்டியும், முதலில் நான் உட்கார்ந்துடுறேன். நான் உட்கார்ந்த கையோடு அவங்களும் பக்கத்தில் உட்காருறாங்க.