பொங்கலுக்குள் ஒன்பது படி

கட்டட மேற்பார்வை என்றால் கட்டடத்தைப் பார்ப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; அதில் குப்பை கொட்டிய உங்களுக்குத் தெரியும், லாரி வருமா, ஆள் வருமா என்று நாம் பார்ப்பது முழுக்க ரோட்டைத்தான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில், கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய வாலிபால் மைதானத்தின் கேலரியைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் ஒன்பது படி. காணும் பொங்கலன்று பந்தயம். எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். கான்ட்ராக்டர் முதலாளி ஒரே நிபந்தனைதான் வைத்தார்: "பொங்கல் முடியறதுக்குள்ள இந்தக் கேலரி நெறைய ஆளு உக்காந்திருக்கணும். இல்லன்னா நீ வேற வேலை பாத்துக்க."

குளத்துப் படி

கேலரிப் படிகள் எல்லாமே மைதானத்தை நோக்கிச் சரிந்திருந்தன. மண் இறங்கிவிட்டதோ என்று தோண்டிப் பார்த்தேன். அடித்தளம் கல்லாக இருந்தது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த காசிம் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். கேலரியைக் கட்டிய மேஸ்திரி திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரராம். அதுவரை கோயில் குளத்துக்குத்தான் படி கட்டியிருக்கிறார். படி என்றால் தண்ணீர் முன்பக்கம் வடிய வேண்டும் என்று அதே வாட்டத்தில் இதையும் கட்டிவிட்டார்.

மழை பெய்தால் தண்ணீர் முழுக்க மைதானத்தில்தான் நிற்கும். "அப்ப மேட்ச் பாக்க கஷ்டமா இருக்குமே பாய்?" என்றேன்.

"மேட்ச யாரு தம்பி பாத்தாங்க? வழுக்கி வுழாம உக்காந்துக்கினு இருக்கறதே பெரிய ஆட்டமா இருந்துச்சு."

புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

பழைய படிகளை இடித்தாயிற்று. அன்று பார்த்து சிமென்ட் லாரி வரவில்லை. என் மேஸ்திரி கொளஞ்சியும் வரவில்லை. மதியம் வரை ரோட்டைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் பாயிடம் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு எலவனாசூர்கோட்டை ரோட்டில் மிதித்தேன். வழியில் போராட்டக்காரர்கள் மறியலுக்காக ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் என் லாரி நின்றது. மரத்தின் மேல் என் கொளஞ்சி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு தெரியுமா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒங்க கேலரி பொங்கலுக்கு வேணும். எம்பொண்ணுக்குக் காலேஜு இந்த வருசமே வேணும். யாருக்கு சார் அவசரம் ஜாஸ்தி?"

ஒரு சொம்புத் தண்ணீர்

மூன்றாம் நாள் மரத்தை இழுத்துப் போட்டார்கள். கொளஞ்சி அதே லாரியில் வந்து இறங்கினார். ஆனால் மனிதர் நிதானத்தை விடவில்லை. ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டு, அது இறுகியதும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். பின்பக்க வாய்க்காலுக்கு வடிகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஐந்தாம் படியில் தண்ணீர் முன்பக்கம் வந்தது. கொத்திவிட்டு மறுபடி பூசினார்.

"அப்படியே விடுங்க, யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. நான் மைதானத்து வாசலுக்கும் கேலரிக்குமாக நடந்தேன். கடையிலிருந்து பாய் கத்தினார்:

"தம்பி, நீ நடந்த நடைக்குக் கச்சிராயபாளையமே போய்ட்டு வந்திருக்கலாம். உக்காந்து டீயக் குடி!"

நிறைந்த கேலரி

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பந்தயத்துக்கு அனுமதி இல்லை என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். ஊரில் கூட்டம் கூடக் கூடாதாம். எட்டாம் படியும் ஒன்பதாம் படியும் பாக்கி. என் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை கொளஞ்சி வரவில்லை. பத்து மணிக்குப் போலீஸ் வேன்கள் வந்தன. மறியலில் கைதானவர்களை அடைக்க மண்டபங்களில் இடம் போதவில்லையாம். சுற்றுச்சுவர் உள்ள மைதானம் இதுதானாம். சாரிசாரியாக இறங்கிக் கேலரியில் ஏறினார்கள். அவர்கள் நடுவே கொளஞ்சியும் இருந்தார். பதறிப்போய் ஓடினேன்.

அவரோ என்னைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், ஏழாம் படி நேத்து சாயங்காலம் பூசனது. அதுல மட்டும் யாரும் உக்கார வாணாம்னு போலீஸ்காரங்கிட்ட சொல்லுங்க."

பொங்கல் முடிவதற்குள் கேலரி நிறைய ஆள் உட்கார்ந்துவிட்டதால் முதலாளியின் நிபந்தனை நிறைவேறி என் வேலை தப்பியது. கொளஞ்சி மகளின் காலேஜுக்குத்தான் இன்னும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.