பின்சீட்டுக்குக் கதவில்லாத வண்டி

நந்தனத்தில் கார் விற்கும் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே தரை அப்படி மினுங்கியது. நிறுத்தியிருந்த வண்டியின் அடிவயிறுகூட அதில் தெரிந்தது. வாசலில் நின்ற காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், கோயிலா இது? போட்டுக்கினு போ சார்."

கூசிப்போய் மறுபடி மாட்டிக்கொண்டேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எப்படிச் சொல்வேன்! கார்களுக்கென்று ஒரு மண்டபம், அதற்குள் குளிரூட்டி, தூசு படியாமல் துடைத்துக்கொண்டே இருக்க ஓர் ஆள். யாழ்ப்பாணத்தில் என் ஏ-போர்ட்டி வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது உங்களுக்குத் தெரியும். பெற்றோல் வராத அந்த வருடங்களில், எஞ்சினைக் கிளப்ப மட்டும் நாலு சொட்டுப் பெற்றோலை மருந்து ஊசியால் அதற்குள் விடுவேன். அந்தப் பெற்றோல் குப்பியை என் மனைவி பரமேஸ் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள்.

என்னை அங்கே அழைத்து வந்தவர் சேஷாத்ரி மாமா. மயிலாப்பூரில் தன் வீட்டு மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "யோகன், நீங்க கார் ஓட்டினவர். எங்காத்துல ஏழு பேர். எல்லாரும் ஒண்ணா போறாப்ல ஒரு வண்டி பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வண்டியும் லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எத்தனை பேர் அமரலாம் என்று மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தார். மாமிக்கு முழங்கால் வலி என்பதால் இஞ்ச் டேப்பும் கையில் இருந்தது. ஜீப் மாதிரியான ஒரு வண்டி, படி உயரம் என்று முதல் வாரமே அடிபட்டுப் போனது. எந்த வண்டியில் ஏறுவது என்று ஒரு குடும்பம் மூன்று வாரம் அவசரமில்லாமல் ஆறுதலாக யோசிக்க முடிகிறதே என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று பெட்டி போன்றது. பக்கத்துக்கு இரண்டு கதவு, பின்னால் ஒன்று. மற்றது பின்பக்கம் முழுக்க வளைந்த கண்ணாடி. பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

"சரியான வடிவு" என்று அதன் அழகைப் புகழ்ந்தேன்.

"ஷேப் சூப்பர் சார்" என்றார் டை கட்டிய விற்பனையாளர். "நீங்க கேரளாவா?"

மாமாவின் மனம் அதில் ஒட்டிவிட்டது. நான் சுற்றிவந்து பார்த்தேன். முன்னால் மட்டும்தான் கதவு.

"பின்னால இருக்கிற ஆக்கள் எப்பிடி இறங்கி ஓடுறது?"

"முன் சீட்டை மடிச்சா வந்துடலாம் சார்." அவர் சிரித்தார். "ஆமா, ஏன் சார் ஓடணும்?"

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ஏ-போர்ட்டியில் பதினொரு பேர் இருந்தோம். பூட்டுப் பழுதான இடப்பக்கப் பின்கதவை நான்தான் கயிற்றால் கட்டியிருந்தேன். ஷெல் விழத் தொடங்கியதும் பின்னால் இருந்தவர்கள் வலப்பக்கத்தால் ஒவ்வொருவராக இறங்க வேண்டியிருந்தது. கடைசியாக இறங்க இருந்தவள் என் தங்கச்சி. அவள் இறங்கவில்லை.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'இறங்கும் வழி' என்று எழுதினார். அந்த அழகான வண்டிக்கு நேரே ஒரு கோடு இழுத்தார்.

பெட்டி வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சென்னையில் எடுத்த லைசென்ஸ் என் சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அடையாறு பாலத்து இறக்கத்தில் என் கை தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டது.

"சார்! இன்னா பண்றீங்க? பிரேக் புடிக்காது சார்!" பக்கத்தில் இருந்த விற்பனையாளர் அலறினார்.

"எண்ணெய் மிச்சம் பிடிக்கிறன்" என்றேன்.

"டேங்க் ஃபுல்லா கீது சார்!"

மாமா இருமல் வரும்வரை சிரித்தார். பாலவாக்கம் தாண்டியும் எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. மண்மூட்டை இல்லை, அடையாள அட்டை கேட்கும் கை இல்லை. கடலோரமாகச் சாலை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் இப்படியும் வண்டி ஓட்டலாமா! கண் கலங்கியது.

"ஏசி காத்து கண்ல அடிக்குதா சார்? திருப்பி வுடவா?" என்றார் விற்பனையாளர்.

அந்த வண்டியையே வாங்கினார்கள். கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும் மாமா சாவியை என்னிடம் நீட்டினார். முதல் பயணத்துக்கு இரண்டு குடும்பமும் நெருக்கியடித்து ஏறியது. மாமி, பரமேஸைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பரமேஸின் மடியில் துணிப்பை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கள் அகதிப் பதிவுக் கடதாசியும் அதற்குள் இருக்கும். அது இல்லாமல் அவள் தெருவில் இறங்குவதில்லை.

"பையைப் பின்னாடி வெச்சுட்டு நன்னா சாஞ்சுக்கோம்மா. நம்மாத்து வண்டிதானே" என்றார் மாமி.

பரமேஸ் சிரித்துக்கொண்டே சாய்ந்தாள். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். அவளுடைய ஒரு கை மாமியின் கைக்குள் இருந்தது. மற்றக் கை பையின் வாரை விடவில்லை.