காட்மியத்தைத் தொடமாட்டேன்

திருப்பதியில் நான் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, என்னோடு எம்.எஸ்சி. முடித்தவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஹைதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானோ சோலார் செல்லுக்காகக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலம் படிய வைக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி வழிகாட்டி கொடுத்த பொருள் காட்மியம் சல்ஃபைடு. மஞ்சளாக, அழகாகப் படியும். கட்டுரையும் சுலபமாக வெளியாகும். ஆனால் தகட்டில் ஒட்டுவது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவோம். ஒரு நாள் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய் எங்கே போகிறதென்று பார்க்கக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். அது ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. மஞ்சள் படிந்த அந்தத் தண்ணீரில் இரண்டு எருமைகள் வாய் வைத்திருந்தன. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று செமினாரில் பேசியவளே நான்தான்.

கழிவைக் கேனில் பிடித்து வைக்கலாம் என்றேன். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று வழிகாட்டி சிரித்தார். அப்படியானால் அந்த விஷமில்லாத வெள்ளீய சல்ஃபைடில் வேலை செய்கிறேன் என்றேன். அதில் ஒன்றும் தேறாது, அப்புறம் என்னிடம் ஆய்வேட்டுக் கையெழுத்துக்கு வராதே என்று தெலுங்கில் கத்தினார். ஆனாலும் காட்மியத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஊரில், பங்காருபாளையத்தில், மாந்தோப்புக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"உன் கூட படிச்சதுங்கல்லாம் வேலைக்குப் போய்க்கினு கீதுங்க. இதுக்கு மேல இன்னா பண்ணப் போற?"

"அங்கியே இருந்து பண்ணப் போறேன் நைனா."

பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியையும் பழைய ஹீட்டரையும் வைத்து நானே கருவி செய்தேன். படலம் உரிந்தது, வெளுத்தது, விரிசல் விட்டது. அடுத்த வருஷக் கோடையில்தான் பழுப்பாக ஒரு படலம் நின்றது. அதில் செல் செய்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மீட்டர் முள் நகர்ந்தது. விஷயம் கேள்விப்பட்டு வந்த வழிகாட்டி தகட்டைக் கையால் மறைத்தார், முள் இறங்கியது. கையை எடுத்தார்; ஏறியது. கீழே இறங்கிப் போனார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர், மின்சாரம் தருவதில் காட்மிய செல்லுக்குப் பக்கத்தில்கூட உங்கள் செல் வராதே என்றார்.

"வராது சார். ஆனா அந்தக் கணக்குல வெளிய போற தண்ணியையும் சேத்துக்கங்க. அப்புறம் எது மேலுன்னு பேசலாம்" என்றேன்.

அது வேதியியல் இல்லையே என்றார். அதுவும் வேதியியல்தான் என்றேன். பட்டம் கொடுத்தார்கள். திமிர் பிடித்தவள் என்ற பெயரும் கூடவே வந்தது. அதை மாற்ற நான் இதுவரை எந்த முயற்சியும் செய்யவில்லை.