எண்பத்தேழாம் நம்பர் படம்

மாரப்பன் காலமாகிவிட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு தபால் கார்டில் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து அவருடைய தங்கை கணவர் எழுதியிருந்தார். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் முடிந்துவிட்டது என்று இரண்டே வரி. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. "அட பாவி மனுஷா, எண்பத்தேழாம் நம்பர் படம் எங்கே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கார்டை வாங்கிப் பார்த்த என் மனைவி, "செத்துப்போனவரை இப்படியா கேட்பாங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசகசாலையில் அவரோடு பழகிய உங்களுக்கு நான் கேட்டதன் காரணம் புரியும். பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சேலத்தில் நம் வாசகசாலைக்குக் காரியதரிசி. சென்னைப் பத்திரிகைகளுக்கு நெடுங்காலம் போட்டோ எடுத்துக் கொடுத்த நரசிம்மன் நம் ஊர்க்காரர். அவர் காலத்துக்குப் பிறகு, வக்கீலாக இருக்கும் அவர் மகன் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் படங்களையும், போட்டோ எடுக்கும் கலை பற்றிய இங்கிலீஷ் புத்தகங்களையும் வாசகசாலைக்குக் கொடுத்தார். நிபந்தனை ஒன்று போட்டார். ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுப் பட்டியல், அதாவது ஜாபிதா, தயாரிக்க வேண்டும். அவரே வந்து சரிபார்ப்பார். ஒரு படம் குறைந்தாலும் பெட்டிகள் சென்னைக்குத் திரும்பிவிடும். நான் கையெழுத்துப் போட்டேன். உதவிக்கு ஆள் தேடியபோது, சூரமங்கலம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த மாரப்பன் தாமாகவே வந்து நின்றார். அன்று நல்ல மழை பிடித்து அவரை வரவிடாமல் செய்திருந்தால் என் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

முதல் வாரமே ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எதற்கய்யா இது?"

"புஸ்தகத்தை நிறுக்கோணுமுங்க."

"புத்தகம் என்ன புளியா?"

"ஏனுங்க வாத்தியாரே, நாளைக்கு எவனாச்சும் நாலு ஏட்டைக் கிழிச்சுக்கிட்டுப் போனா, எடையில தெரிஞ்சு போயிருமுங்க."

நாலு ஏட்டுக்கு அந்தத் தராசின் முள் அசையக்கூட அசையாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். "அப்ப நாப்பது ஏடு கிழிச்சாத் தெரியுமில்லீங்க?" என்றார். நம் ஜாபிதாவில் ஆசிரியர் பெயருக்கும் தலைப்புக்கும் நடுவே 'எடை' என்று ஒரு பத்தி இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த வாசகசாலையிலும் அப்படி ஒரு பத்தி இருக்காது.

புத்தகத்தோடு விட்டாரா? படங்களுக்கு வந்தபோதுதான் என் பொறுமை போயிற்று. நரசிம்மன் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பெரிய மனிதர் ஒருவர் பெயர், பிறகு 'மற்றும் பலர்'. அதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் ஒரு நாளில் ஐம்பது படம் முடியும். மாரப்பன் எழுத மறுத்துவிட்டார். "மற்றும் பலர்னு விலாசம் போட்டு ஒரு பார்சல் வந்தா எங்க ஆபீசுல வாங்க மாட்டோமுங்க" என்றார்.

யுத்தம் முடிந்தும் காகிதம் கிடைக்காத நேரம். கழித்துப்போட்ட பழைய அட்டைகளை வெட்டி, படத்துக்கு ஒன்றாகக் கார்டு தயாரித்தார். அவற்றில் அவர் போட்ட தலைப்புகளைக் கேளுங்கள்: 'அனுப்பியவர்', 'சேர வேண்டியவர்', 'சேர்த்த தேதி'. அனுப்பியவர் நரசிம்மனாம். சேர வேண்டியவர் படத்தில் நிற்பவராம். "படம் புடிச்சாருங்க, பேப்பர்ல போட்டாங்க. அதுல நிக்கறவன் கைக்குப் போச்சுங்களா? போகலீங்களே. இதெல்லாம் ஊடு போய்ச் சேராத பார்சலுங்க." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலை சந்தையாயிற்று. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ராசிபுரத்து நெசவாளிகள் என்று யாராரையோ படம் பார்க்கக் கூட்டி வந்தார். பத்திரிகை படிக்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒரு நாள் ஊர்வலப் படம் ஒன்றில் தலைப்பாகையோடு நிற்பவரைத் தன் பெரியப்பா என்று ஒருவர் சொல்ல, இல்லை, தன் மாமனார் என்று இன்னொருவர் சொல்ல, கைகலப்பு வரைக்கும் போயிற்று. மாரப்பன் கார்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். "இரண்டுமா?" என்றேன். "சண்டை தீர்ந்தா ஒண்ணை அடிச்சுக்கலாமுங்க" என்றார். அன்று மாலை என் ராஜினாமாக் கடிதத்தை எழுதினேன். கிழித்தும் போட்டேன்.

எண்பத்தேழாம் நம்பர், மேட்டூரில் அணை கட்டியபோது எடுத்த படம். நடுவில் தொப்பி வைத்த என்ஜினீயர். அவருக்குப் பின்னால் சாரப் பலகை மேல் வரிசையாகச் சட்டி சுமக்கும் பெண்கள். மூன்றாவதாக நிற்பவள் மட்டும் காமிராவை நேராகப் பார்க்கிறாள். "ரெண்டே நாளுங்க" என்று சொல்லி மாரப்பன் அந்தப் படத்தை எடுத்துப் போனார். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. கேட்கும்போதெல்லாம், "பத்திரமா இருக்குதுங்க" என்பார். வக்கீல் வரும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியாக அவர் வந்தபோது கையில் நரசிம்மனின் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. நெகடிவ் இல்லாமல், படத்தைப் பார்த்தே இன்னொரு படம் எடுக்கும் முறை அதில் ஒன்பது பக்கத்துக்கு இருந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர் எண்பத்தேழை அப்படி எடுக்க இரண்டு தடவை முயன்றும் அசலின் மினுமினுப்பில் வெளிச்சம் அடித்து வெளுத்துப் போயிற்றாம். "இதைக் கொஞ்சம் தமிழ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா, செஞ்சு தாரேங்கறாருங்க" என்றார். எனக்கு விடைத்தாள் கட்டு வேறு காத்திருந்தது. "நாம் புத்தகத்துக்கு நம்பர் போட வந்தவர்கள், படிக்க வந்தவர்கள் இல்லை" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தார். "சரிங்க, வாரேனுங்க" என்று போனார். அடுத்து வந்தது அந்தத் தபால் கார்டு.

திருச்செங்கோட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். துக்கத்துக்கு மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். அவருடைய தங்கை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொன்னாருங்க. காய்ச்சல்லகூட ஆரையும் தொட உடலீங்க." இரண்டு அட்டைகளுக்கு நடுவே, பார்சல் கயிற்றால் கட்டி, எண்பத்தேழாம் நம்பர் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. இழவு வீட்டில் என் முகம் மலர்ந்ததை அந்த அம்மாள் பார்த்திருப்பார். அதற்காக இன்றும் கூசுகிறேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் படத்தோடு இருந்த கார்டைப் படித்தேன். 'சேர வேண்டியவர்: மூன்றாவதாக நிற்கும் பாவாயி (காலமானவர்). அவர் மகள் ராமாயி, அயோத்தியாப்பட்டணம்.' சேர்த்த தேதி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில், 'நகல் எடுத்த பிறகு. வாத்தியார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.'

ஆளைக் கண்டுபிடித்த பிறகும், என் ஒரு கையெழுத்துக்காக அவர் அதைக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். அந்த ஒன்பது பக்கத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால், அவர் கையாலேயே கொடுத்திருப்பார். பஸ்ஸில் அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன்.

படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. பூட்டினேன். மூன்று நாள் பூட்டியே வைத்திருந்தேன். நான்காம் நாள் அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்பது பக்கத்துக்கு இரண்டு மாலை போதுமாயிருந்தது. ஸ்டுடியோக்காரர் அதைப் படித்து, விளக்கைப் பக்கவாட்டில் மாற்றி வைத்து எடுத்தார். நகல் நன்றாக வந்தது.

அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் போனேன். நகலைக் கொடுத்துவிட்டு வருவதுதான் என் எண்ணம். ராமாயி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். "ரயிலாபீசு அய்யா வரலீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினாள். "எங்கம்மாவா? என் வயசுதானே இருக்குது!" என்றாள். உற்று உற்றுப் பார்த்தாள். "தாடையில ஒரு தழும்பு இருக்கும். சின்னதுல நான் அதைத் தொட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன். இதுல காணலையே." அசலை எடுத்து நீட்டினேன். அதில் தழும்பு இருந்தது. அவள் விரல் சரியாக அந்த இடத்துக்குப் போயிற்று. அதை அவள் கையிலிருந்து திருப்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் வக்கீல் வருகிறார். ஜாபிதாவில் எண்பத்தேழுக்கு நேரே, 'அசல் சேர வேண்டியவரிடம் சேர்ந்தது. இங்கிருப்பது நகல்' என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். அவர் நிபந்தனையைக் காட்டிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. அதற்குள் எனக்கு வேலை இருக்கிறது.

மாரப்பன் எனக்கு விட்டுப்போனது பாதி கூட முடியாத இரண்டாவது பெட்டியும், ஒரு கட்டு வெற்றுக் கார்டுகளும், அந்தப் பாழாய்ப்போன தராசும்தான். அவர் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. பெட்டியில் இப்போது மேலாக இருக்கும் படத்தில் பதினாறு பேர் நிற்கிறார்கள். பின்னால் எழுதியிருப்பது ஒரே ஒரு பெயர். மற்ற பதினைந்து பேரை எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்கு வாருங்கள். சத்தம் போட்டுப் பேசினாலும் பரவாயில்லை.