பெல்ட் அக்கா

நிறுத்தியிருக்கும் கார்களின் பின்கண்ணாடியில் கையைக் குடையாகக் குவித்து, ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார் பெல்ட் அக்கா. உள்ளே குழந்தை இருக்கை தெரிந்தால் முகம் மலரும். அதன் வார் தொய்ந்து கிடந்தால், கார்க்காரர் வரும்வரை அங்கேயே நிற்பார். திருட வந்தவர் என்று காவலாளியைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

சாலை விபத்துப் பதிவு அலுவலகத்தில் அவருக்கு உத்தியோகம். ஊரின் சாலைச் சாவுகளெல்லாம் காகிதமாகி அவர் மேசைக்குத்தான் வரும். இறந்தது குழந்தை என்றால், காவல் நிலையத்துக்கு அவரே போன் போட்டு, பிள்ளை காரில் எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்பார். "மடியில" என்பதுதான் பெரும்பாலும் பதில். அதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

பெற்றவள் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது என்று யாரும் அவரிடம் வாய் திறக்க முடியாது. "மடி தொட்டிலாகுங்க, பூட்டாகாது" என்பார். ஒருமுறை மருமகன், பக்கத்துத் தெருதானே என்று பேத்தியை மகளின் மடியில் வைத்தே வண்டியைக் கிளப்பப் பார்த்தார். அக்கா காரின் முன்னால் போய் நின்றுகொண்டார். "விபத்துக்குப் பக்கத்துத் தெரு, தூரத்துத் தெரு தெரியுமா மாப்பிள்ளை?" அன்று எல்லோரும் நடந்தே போனார்கள். மறுநாள் இருக்கை வந்துவிட்டது.

இருக்கை இல்லாத காரில் பச்சைப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வாங்க முடியாதவர்களுக்கு இரவல் கொடுங்கள் என்று பிரசவ ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். தலைமை மருத்துவர் அம்மாளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்கா வாதாடவில்லை, தன் பதிவுகளை எடுத்து முன்னால் வைத்தார். புரட்டப் புரட்ட அந்த அம்மாளின் குரல் இறங்கிப்போயிற்று. "இதுல பாதிப் பிள்ளைங்க இங்க பொறந்தவங்க." அந்த மாதமே இருக்கைகள் வந்து இறங்கின. மற்ற ஆஸ்பத்திரிகளும் பின்தொடர்ந்தன.

இந்த ஆண்டின் அறிக்கை அச்சுக்குப் போயிருந்தது. அச்சகத்திலிருந்து போன். காரில் போகும்போது இறந்த ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்ற இடத்தில் வெறும் பூஜ்யம்தான் இருக்கிறது, முன்னால் ஏதும் எண் விட்டுப்போயிற்றா என்று கேட்டார்கள்.

அக்கா அதை உரக்கத் திருப்பிச் சொன்னதும் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"எதுவும் விட்டுப்போகலைங்க. எல்லாரும் வீட்டுல இருக்காங்க" என்றார் அக்கா. பிறகு, அந்தப் பூஜ்யத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். எவ்வளவு பெரிதாக என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, போனில் தெரியாது என்பதையே மறந்து, இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் அகல விரித்துக் காட்டினார்.